எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா

மேம்பாலத்து நிழல் மூன்று மணிக்கு
ஐந்து ரோட்டில் எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்குள் வரும்.
அந்த நேரம் பார்த்து ஏற்காட்டிலிருந்து போன்.
"பிரதர்ஸ் காபி ஒர்க்ஸ். பத்துக்கு நாலு.
பச்சை அடி, மஞ்சள் எழுத்து."
புள்ளி எங்கே வரணுங்க என்றேன்.
"எந்தப் புள்ளி?"

காதுக்குத் தெரியாத புள்ளி அது.
பிரதர்ஸ், பிரதர்’ஸ், பிரதர்ஸ்’
மூன்றுக்கும் நாக்கு ஒரே மாதிரி சீறும்.
காற்புள்ளிதாங்க, மாடி ஏறி உட்கார்ந்திருக்கும்.
எஸ்ஸுக்கு முன்னால் இருந்தால்
காபி ஒருத்தருக்குச் சொந்தம்,
பின்னால் இருந்தால் ரெண்டு பேருக்கு,
பத்துப் பேர் என்றாலும் அதே பின்னால்தான்.
அந்தப் பக்கம் அரவை மிஷின்
கொஞ்ச நேரம் தனியாக ஓடியது.
"முன்னாலயே போடுங்க" என்றார் மாதேசன்.

எனக்கு இந்தப் புள்ளியோடு பழைய பகை.
மலை லாட்ஜ் போர்டுகளில் ரூம்’ஸ் என்றிருக்கும்.
அறைகள் நிறைய, அவ்வளவுதான்,
அவற்றுக்கு எதுவும் சொந்தமில்லை என்று
பிடுங்கிப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.
பேக்கரிக்காரர் பஃப்’ஸைத் திருத்த விடவில்லை,
"இருக்கட்டும்மா, அழகா இருக்கு."
அஸ்தம்பட்டியில் நான் தங்கும் விடுதியில்
நாற்பத்திரண்டு பெண்கள்.
விமன் என்றாலே பலர்,
அதனால் அங்கே புள்ளி எஸ்ஸுக்கு முன்னால்தான் வரும்.
நாற்பத்திரண்டு பேரும் ஒருத்தி மாதிரி
ஒரே குழாயடியில் நிற்கிறோம்.

ஏழு மணிக்குத் தம்பி வந்தார், தனபால்.
சேலம் காய்ந்து கிடக்க
அவர் ரெயின்கோட்டில் மட்டும் மலை சொட்டியது.
திரையைப் பார்த்தார். மிஷன் ஸ்கூலில் படித்தவர் போல,
விளக்கம் கேட்கவில்லை.
"இது எங்க அண்ணனோட வேலை."
அம்புக்குறி விசையில் விரலை வைத்தேன்.
ஏழு தட்டு. புள்ளி எஸ்ஸைத் தாண்டியது.
பத்திர ஆபீஸ் இல்லை, முத்திரைத்தாள் இல்லை,
பாதி எஸ்டேட் கை மாறியது.
எட்டு மணிக்கு அண்ணன் போன்.
ஏழு தட்டு இந்தப் பக்கம்.

முதலாளி நசீர் பாய் எட்டிப் பார்த்தார்:
"ரெண்டும் வேணாம், தூக்கிடு.
சதுர அடி பன்னிரண்டு ரூபா,
புள்ளிக்குத் தனியா நான் வாங்கறதில்ல."
புள்ளி இல்லாமல் பிரிண்ட் போனது.
சொந்தம் இல்லாத வெறும் சகோதரர்கள்,
பத்தடி நீளத்துக்கு.

மறுநாள் லூர்து ஏறிப் போய் மாட்டினான்,
பதினாறாவது வளைவில்.
"காத்து அள்ளுச்சுக்கா, நடுவுல ஒரு ஆணி அடிச்சேன்."
ஃபோட்டோவைப் பெரிதாக்கினேன்.
ஆணிக்கு அடியில் சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டு,
கறுப்பு, ஒரு பக்கம் வால் விட்டு,
சரியாக எஸ்ஸின் உச்சந்தலையில்.
ஆணி ஒரு அங்குலம் வெளியே துருத்தி நிற்கிறது.
மலை இறங்கி வருகிறவனுக்கு முன்னால் தெரியும்.
ஏறி வருகிறவனுக்குப் பின்னால்.

அண்ணன் வீடு மேலே, தம்பி வீடு கீழே.
"சொன்ன மாதிரியே போட்டுட்டீங்க" என்று
ரெண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

பில்லை மட்டும் தமிழில் எழுதினேன்,
அண்ணன் தம்பி காப்பிக் கடை என்று.
அண்ணனும் தம்பியும் என்பதில் உம் ஒளிந்துகொண்டது.
கடை யாருடையது என்பதில் உடையதும் ஒளிந்துகொண்டது.
எட்டாம் வகுப்பில் தொகை என்று படித்தது.
நம் பேச்சில் சொத்து இப்படித்தான்,
சொல்லாமல் உள்ளே கிடக்கும்,
யாராவது கேட்கும் வரை.

நானூற்று எண்பது, மாட்டுக் கூலி ஆயிரம்.
ஆறு வாரமாகக் கேட்கிறேன்.
"அதுங்களா, அது தம்பியோடதுங்க."
"அது அண்ணனோடதுங்க."